புகைமூட்டம் எந்தப் பாடத்தில் வரும்?

என் அண்ணன் மகள் கையில் மூன்று பல்கலைக்கழகங்கள் தந்த இடங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலையும் அறிவியலும் இணைந்த கல்லூரி ஒன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘பொதுக்கொள்கையும் உலக விவகாரங்களும்’ இரண்டாவது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் மூன்றாவது. மே மாதம் முடிவதற்குள் ஒன்றை ஏற்று மற்ற இரண்டையும் கைவிட வேண்டும். அவளுக்கு உலக விவகாரம் படிக்க ஆசை. அண்ணனுக்குப் பொருளியல்.

“உலக விவகாரம் தெரிந்துகொள்ளக் காலையில் தமிழ் முரசு நாளிதழ் போதாதா? அதற்கு நான்கு ஆண்டு எதற்கு?” என்று அண்ணன் கேட்டார். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் உள்ள கப்பல் பட்டறை ஒன்றுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் படகேறிப் போய்வந்தவர் அவர். படித்து முடித்தால் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது என்றார் அண்ணி. அதனால் இருவருமே அவர்மேல் கோபித்துக்கொண்டார்கள்.

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அரசியல் படித்துவிட்டு வங்கியில் வேலை பார்க்கிறவள் நான். இந்த வழக்கில் நான் யார் பக்கத்துச் சாட்சி என்பதே அவர்களுக்குத் தெளிவாக இல்லை. அன்று இரவு பேசியதையும், பிறகு பாடக் கையேடுகளைப் புரட்டி யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே மேசையைச் சுற்றி இப்போது வேறு பல தமிழ்க் குடும்பங்களும் உட்கார்ந்திருக்கும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பன்னாட்டு உறவுகள், உலகளாவிய ஆய்வுகள், உலக விவகாரங்கள் என்று பல பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். பன்னாட்டு உறவுகள் என்பது பெரும்பாலும் அரசியல் துறையின் ஒரு கிளை. நாடுகளுக்கு இடையிலான அதிகாரம், போர், ஒப்பந்தம் ஆகியவற்றைப் பேசுவது. மற்ற இரண்டும் வரலாறு, பொருளியல், புவியியல், சட்டம், மொழி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, ஒரு சிக்கலைப் பல பக்கங்களிலிருந்து பார்க்கச் சொல்பவை. இது நேற்று முளைத்த மோகம் இல்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் பன்னாட்டு அரசியலுக்கென்றே முதல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். இத்தனை பேர் செத்ததற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு எந்த ஒரு துறையிடமும் முழுப் பதில் இல்லை என்பதிலிருந்துதான் இந்தப் படிப்பே பிறந்தது.

வரலாறு கிடக்கட்டும். அண்ணனுக்கு அன்று நான் சொன்னது புகைமூட்டத்தைப் பற்றி.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. பள்ளி விடுமுறைக் காலம். அண்ணன் மகள் அப்போது சின்னப் பெண். முகமூடி அவள் முகத்தைவிடப் பெரியதாக இருந்தது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, எதிர்க் கட்டடம் தெரிகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் புகை சுமத்ராவிலிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஏன் ஆண்டுதோறும் வருகிறது, ஏன் நிறுத்த முடியவில்லை என்ற கேள்வியை எந்த வகுப்பில் போய்க் கேட்பது?

அரசியல் துறையில் கேட்டால் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைக் காட்டுவார்கள். எல்லை கடக்கும் புகைமூட்டம் குறித்த ஆசியான் உடன்பாடு 2002இல் கையெழுத்தானது. புகை கிளம்பும் நாடான இந்தோனேசியா அதற்கு ஒப்புதல் அளித்தது 2014இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கையின்மேல் கட்டப்பட்ட அமைப்பு, அடுத்த வீட்டு அடுப்புப் புகைக்கு என்ன செய்யும்? இது ஒரு நல்ல பாடம்.

பொருளியல் துறையில் கேட்டால் தீ வைப்பதுதான் நிலத்தைத் திருத்த மலிவான வழி என்பார்கள். செம்பனைத் தோட்டக்காரருக்கு லாபம், இருமல் நமக்கு. செய்தவர் தலையில் செலவு விழாதவரை செயல் நிற்காது. இதுவும் நல்ல பாடம், கணக்கோடு வரும்.

சட்டத் துறையில் கேட்டால் 2014இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை கடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தை எடுத்து வைப்பார்கள். வெளிநாட்டு மண்ணில் நடந்த செயலுக்காக நிறுவனங்களை இங்கே பொறுப்பாக்க முயலும் சட்டம் அது. ஆனால் எரிந்த நிலம் யாருடையது? வரைபடம் ஒன்று சொல்லும், பத்திரம் இன்னொன்று சொல்லும், ஊரார் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்.

புவியியல்காரர் இவர்கள் எல்லாரையும் நிறுத்திவைத்து, எரிவது காடு மட்டும் இல்லை ஐயா, நிலமே எரிகிறது என்பார். கரிச்சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும்; தீ தரைக்கு அடியில் ஊர்ந்து போகும்; மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. 2015ஐப் போல எல் நினோ வறட்சியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் பிறகு, சுமத்ராவின் ரியாவிலும் ஜாம்பியிலும் அந்த நிலத்தில் வாழ்கிற சிறு விவசாயி என்ன நினைக்கிறார் என்று அறிய வேண்டுமானால் பஹாசா இந்தோனேசியா தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு துறையை மட்டும் படிப்பவர் இந்தக் கைப்பிடிகளில் ஒன்றை இறுகப் பிடிக்கிறார். பல்துறைப் படிப்புக்காரர் எல்லாவற்றையும் தொடுகிறார். தொடுவதோடு நின்றுவிடுகிறார் என்பதுதான் அண்ணனின் பயம், என் பயமும் அதுவே. யானையைத் தடவிப் பார்த்தவர்கள் கதை நமக்குத் தெரியும். பல்துறைப் படிப்பு மோசமாக அமைந்தால், ஒரே ஆள் தும்பிக்கையை இரண்டு நிமிடம், காலை இரண்டு நிமிடம், வாலை இரண்டு நிமிடம் தடவிவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போவதாக முடியும். யானை அப்போதும் தெரியாது.

நான் அதிகம் யோசித்தது துறைகளைத் தைப்பது யார் என்பதைப் பற்றித்தான். நான் படித்த காலத்தில் (பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்) அரசியல் வகுப்பில் ஆசியானைப் படித்தேன், பொருளியலை விருப்பப் பாடமாகப் படித்தேன், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. துணிகளைக் கொடுத்தார்கள், ஊசி கொடுக்கவில்லை. உலக விவகாரப் பட்டங்கள் ஊசியையும் தருவதாகச் சொல்கின்றன. சொன்னபடி தருகின்றனவா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று வாசல்கள்

தேசியப் பல்கலைக்கழகத்தின் அந்தக் கல்லூரியில் எடுக்கக்கூடிய உலகளாவிய ஆய்வுகள் படிப்பில் எனக்குப் பிடித்தது அதன் கட்டுமானம். வறுமையோ பாதுகாப்போ குடிபெயர்வோ, ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். உலகின் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வட்டாரத்தோடு ஒட்டிய மொழியையும் கற்க வேண்டும். தொடுவதோடு நின்றுவிடாமல் இருக்க அவர்கள் போட்டிருக்கும் வேலி இதுதான். அங்குள்ள மொழிக் கல்வி நிலையம் பதின்மூன்று மொழிகளைக் கற்பிக்கிறது. பஹாசா இந்தோனேசியா, தாய், வியட்நாமியம், அரபு, இந்தி, நம் தமிழ் எல்லாம் அதில் அடக்கம்.

இன்னொரு வசதி, 2021 முதல் கலைப் புலமும் அறிவியல் புலமும் ஒரே கல்லூரியாக இயங்குவதால், சேர்ந்த அன்றே முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டியதில்லை. முதலில் சில பாடங்களைச் சுவைத்துப் பார்க்கலாம். தரவுப் பகுப்பாய்வு, செயற்கை நுண்ணறிவு, அறிவியல் விசாரணை என்று எல்லாரும் படித்தே ஆக வேண்டிய பொதுப் பாடங்களும் உண்டு. கணக்குக்குப் பயந்து கலைக்கு ஓடிவந்த பிள்ளைகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பின்னால் சோறு போடப்போவது அதுதான்.

நன்யாங்கின் பொதுக்கொள்கையும் உலக விவகாரங்களும் வேறு குணம் கொண்டது. உலகத்தைப் பார்க்கும் சன்னலோடு, அரசாங்கம் எப்படி முடிவெடுக்கிறது, எடுத்த முடிவு ஏன் சறுக்குகிறது என்று பார்க்கும் உள்வாசலும் அதில் உண்டு. அரசாங்க அமைச்சுகளிலோ ஆணைபெற்ற கழகங்களிலோ வேலை பார்க்க நினைப்பவருக்கு இது நேர்வழி. அதே வளாகத்தில்தான் ராஜரத்தினம் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியும் இருக்கிறது. ஆனால் இங்கே விண்ணப்பிக்கும்போதே பாடத்தைச் சொல்லிவிட்டு நுழைகிறோம். மனம் ஊசலாடும் பிள்ளைக்கு அது சற்று இறுக்கம்.

நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பொருளியலை முதன்மையாக எடுத்து, அரசியலை இரண்டாம் முதன்மைப் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அரசியல், சட்டம், பொருளியல் மூன்றையும் இணைத்த ஒரு படிப்பும் அங்கே உண்டு. சிறிய வகுப்பு, வாய் திறந்து பேசினால்தான் மதிப்பெண், வேலைப் பயிற்சி கட்டாயம், வெளிநாட்டு அனுபவமும் கட்டாயம். அண்ணன் மகள் கூட்டத்தில் பேசத் தயங்குகிறவள். அதனாலேயே அங்கே போக வேண்டும் என்கிறார் அண்ணன். அதனாலேயே போகமாட்டேன் என்கிறாள் அவள்.

கட்டணத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குடிமக்களுக்கு முதலிரண்டு பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்புகள் ஆண்டுக்கு 8,000 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல். மூன்றாவதில் 11,000 வெள்ளிக்கு மேல். பெற்றோரின் மசேநிதியிலிருந்து (மத்திய சேம நிதி) கட்டலாம், பிள்ளை பட்டம் பெற்றபின் அந்தக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். நிரந்தரவாசிகளும் வெளிநாட்டினரும் அரசாங்கக் கல்விக் கட்டண மானியம் பெற்றால் மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்யும் கட்டுப்பாடு உண்டு. நான்கு ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் தப்பான படிப்பில் ஓராண்டை வீணாக்குவதும் ஏறக்குறைய அதே விலைதான்.

வெளிநாடு? லண்டன், கான்பெரா, பாரிஸ் எல்லாம் நல்ல இடங்கள். பிரான்ஸின் சியான்ஸ் போ, ஆசியாவை மையமாகக் கொண்ட இளங்கலைப் படிப்பைத் துறைமுக நகரமான ல ஆவ்ரில் ஆங்கிலத்தில் நடத்துகிறது; மூன்றாம் ஆண்டில் மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பியே தீரும். டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1955இல் வேர்விட்ட பன்னாட்டு ஆய்வுப் பள்ளி இருக்கிறது. பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்தால் போகலாம். ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் திரும்பி வந்து ஆறு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். சொந்தக் காசில் என்றால், தென்கிழக்காசியாவைப் படிக்க ஐரோப்பாவுக்குப் போவது எனக்குச் சற்று வேடிக்கையாகத்தான் படுகிறது. பாசிர் பாஞ்சாங் பக்கம் ஹெங் முய் கெங் டெரசில் ஒரு சுற்று நடந்தால் போதும்: தென்கிழக்காசியாவை ஆராய 1968 முதல் இயங்கும் யூசோப் இஷாக் ஆய்வு நிலையம், ஏபெக் என்ற ஆசிய பசிபிக் பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பின் செயலகம், ஆசிய ஐரோப்பிய அறநிறுவனம் மூன்றும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. விருந்து வீட்டிலேயே இருக்கிறது.

பலகையை நம்பாதே என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் இங்கேயே உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் நம் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய யேல் என்யுஎஸ் கல்லூரியில் உலக விவகாரங்கள் என்ற பெயரிலேயே முதன்மைப் பாடம் இருந்தது. 2021 ஆகஸ்டில் கல்லூரியை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2025இல் கடைசி மாணவர் அணி பட்டம் பெற்று வெளியேறியது. படித்தவர்களின் அறிவு எங்கும் போய்விடவில்லை. ஆனால் எங்கே படித்தாய் என்ற கேள்விக்கு அவர்கள் இனி எப்போதும் கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கும்.

“படித்தால் தூதராகலாமா?”

ஆகலாம். ஆனால் அதற்கு இந்தப் படிப்பு தேவையில்லை. அண்ணன் மகளுக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியுறவு அமைச்சு எந்தத் துறையில் பட்டம் பெற்றவரையும் எடுத்துக்கொள்கிறது. அமைச்சர்களையே பாருங்கள். முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், முடிக்காமல், பத்திரிகையாளராகத் திரும்பியவர். 1967இல் பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கிவைத்த ஐந்து கையெழுத்துகளில் ஒன்று அவருடையது. சிங்கப்பூரை ‘உலக நகரம்’ என்று அவர் 1972இல் பேசியபோது, ஊரில் பலருக்கு அது மிகையாகத் தோன்றியிருக்கும். அவருக்குப் பின் வந்த தனபாலன் பொருளியல் படித்தவர். ஜெயக்குமார் சட்டப் பேராசிரியர். ஜார்ஜ் இயோ பொறியியல். சண்முகம் சட்டம். விவியன் பாலகிருஷ்ணன் கண் மருத்துவர்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்த்தாயா, ஒருவர்கூட இதைப் படிக்கவில்லை!”

நான் சொல்லவந்தது அதன் மறுபாதி. ராஜரத்தினத்தின் பெயரில் இயங்கும் பள்ளி 1996இல் தற்காப்பு, உத்திபூர்வ ஆய்வுக் கழகமாகத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் பின்னாளில் அதிபரான எஸ்.ஆர். நாதன், அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகப் பணி. அந்தத் தலைமுறை உலக விவகாரத்தை வேலையிலேயே கற்றது, ஏனென்றால் அப்போது இங்கே அதைக் கற்றுக்கொடுக்க ஆள் குறைவு. இன்று அப்படிக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க எந்த அலுவலகத்துக்கும் பொறுமை இல்லை. அதற்காக, இந்தப் படிப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது என்றும் இல்லை. தூதரகக் கனவு ஒன்றை மட்டும் வைத்து இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அமைச்சில் ஆண்டுதோறும் எடுக்கும் ஆட்கள் கொஞ்சம், ஆசைப்படுபவர்கள் நிறைய.

மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? என் மேசைக்குத்தான்.

வங்கியில் என் பிரிவின் வேலை, கடன் கடிதத்தின் (வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதி) பேரில் நடக்கும் வணிகத்தில் தடை செய்யப்பட்ட நாடோ கப்பலோ ஆளோ இருக்கிறதா என்று பார்ப்பது. 2017 நவம்பரில் சிங்கப்பூர் வடகொரியாவுடனான வணிகத்தை முற்றாக நிறுத்தியது. 2022 மார்ச்சில், பாதுகாப்பு மன்றத்தில் ரஷ்யாவின் ரத்து அதிகாரம் குறுக்கே நின்றதால், ஐநா தீர்மானம் இல்லாமலேயே ரஷ்யாமீது நம் அரசாங்கம் கட்டுப்பாடுகள் விதித்தது: ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய பொருள்களுக்கு ஏற்றுமதித் தடை, நான்கு ரஷ்ய வங்கிகளோடு பரிவர்த்தனைத் தடை. செய்தித்தாளில் அது ஒரு நாள் தலைப்பு. எங்களுக்கு அது பல மாத வேலை.

ஒரு சரக்கின் ஆவணக் கட்டு மேசைக்கு வரும். பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டில் எழுதியிருக்கும் துறைமுகத்துக்கும் கப்பல் போன வழிக்கும் பொருத்தம் இருக்கிறதா? நடுக்கடலில் கப்பல் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவியை அணைத்து வைத்திருந்ததா? இந்த மின்னணு உறுப்பு சலவை இயந்திரத்துக்கா, ஏவுகணைக்கா? வாங்குகிற நிறுவனத்தின் உண்மையான சொந்தக்காரர் யார்? ஒரு மணி நேரத்தில் புவியியல், சட்டம், கொஞ்சம் பொறியியல், கொஞ்சம் வரலாறு, விரிதாள் எல்லாம் வேண்டும். என் குழுவில் கணக்கியல் படித்தவர், சட்டம் படித்தவர், உலகளாவிய ஆய்வுகள் படித்தவர் மூவரும் இருக்கிறார்கள். மூன்றாமவர் சந்தேகத்தை முதலில் மோப்பம் பிடிப்பார். அதை மேலதிகாரிக்கு நிரூபிக்க விரிதாளோடு உட்கார வேண்டிய நேரத்தில், முதலாமவரின் உதவியைத் தேடிப்போவார்.

அந்த விரிதாள் தெரிந்திருந்தால் அவர் யாரையும் தேடிப்போக வேண்டாம். இந்தப் படிப்பில் சேர்பவர் புள்ளியியலையும் ஒரு மொழியையும் தானாகவே வலிந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டில் ஒன்றாவது ஆழமாக வேண்டும்.

மொழி

மொழி என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தொடக்கக் கல்லூரியோடு அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தெற்காசியாவை வட்டாரமாக எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு அது கையில் இருக்கும் முதல்.

பாக்கு நீரிணை மீனவர் சிக்கலைப் பாருங்கள். 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை வரைந்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆங்கில அறிக்கைகளில் இது இரு நாடுகளின் எல்லைத் தகராறு. தமிழில் படித்தால் வேறு கதை தெரியும். ராமேசுவரத்து விசைப்படகும் யாழ்ப்பாணத்துச் சிறு படகும் ஒரே கடலில் ஒரே மீனைத் தேடுகின்றன. இரண்டு பக்கமும் பேசுவது தமிழ். போருக்குப் பின் மெல்லக் கடலுக்குத் திரும்பிய வடபுலத்து மீனவரின் வலையை அறுத்துப்போவது, கடலடியை வாரி இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. சென்னைச் செய்தியையும் யாழ்ப்பாணச் செய்தியையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவரின் கட்டுரை, டெல்லியையும் கொழும்பையும் மட்டும் ஆங்கிலத்தில் படித்தவரின் கட்டுரையைவிடப் பல படி மேலே நிற்கும். சூழலியல், சட்டம், பொருளியல், இனவரலாறு எல்லாம் அந்த ஒரு வலையில் மாட்டியிருக்கின்றன.

ஆனால் தமிழ் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆசியான் செயலகம் ஜகார்த்தாவில் இருக்கிறது. நம்மைச் சுற்றியிருக்கும் கடலின் மொழி மலாயும் பஹாசா இந்தோனேசியாவும். உயர்நிலைப் பள்ளியில் மலாயை மூன்றாம் மொழியாகப் படித்த பிள்ளைகளுக்குப் பாதிப் பாலம் ஏற்கெனவே போட்டாயிற்று. அண்ணன் மகள் அப்படி நான்கு ஆண்டுகள் படித்தவள். பிறகு இரண்டு ஆண்டுகள் அதை மறந்துவிட்டாள்.

ஆழம் முதலில், அகலம் பிறகு?

நான்காவது ஒரு வழியும் இருக்கிறது. என் வாழ்க்கையைத் திருப்பி வாழ முடிந்தால் நானே இதைத்தான் எடுத்திருப்பேன். இளங்கலையில் பொருளியலோ அரசியலோ புள்ளியியலோ ஒன்றை ஆழமாகப் படிப்பது, சில ஆண்டுகள் வேலை பார்ப்பது, பிறகு ராஜரத்தினம் பள்ளியில் ஓராண்டு முதுகலையோ லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியில் பன்னாட்டு விவகார முதுகலையோ படிப்பது. வேலை பார்த்துவிட்டு வருபவருக்குக் கேள்விகள் கைவசம் இருக்கும். வகுப்பில் சொல்லும் கோட்பாடு எந்த ஆணியில் மாட்டும் என்று தெரியும். கையில் ஒரு தொழில் என்ற அண்ணனின் கணக்கும் சரியாக வரும்.

குறை என்னவென்றால், பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதில்லை. திருமணம், வீட்டுக் கடன், பிள்ளை, பதவி உயர்வு என்று போய்விடுகிறது. நானும் திரும்பவில்லை. பதினெட்டு வயதில் இருக்கும் பசி முப்பதில் அப்படியே இருக்கும் என்று நம்பி ஒரு படிப்பைத் தள்ளிப்போடுவதும் சூதாட்டம்தான். மொழிக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைந்தது. அரசாங்கக் கொள்கையில்தான் வேலை என்று இப்போதே தெளிவாக இருப்பவர் நன்யாங்குக்குப் போகலாம்; ஊசலாட்டம் இல்லாதவருக்கு அதன் இறுக்கம் நல்லது. கணக்கில் கெட்டிக்காரராக இருந்து, உலக விவகாரம் ஓர் ஆர்வம் மட்டும்தான் என்றால் பொருளியல் படித்து, அரசியலை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம், வருந்த மாட்டார். ஒரு வட்டாரத்தின்மேல் உண்மையான பிடிப்பும், அதன் மொழியை மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் படிக்கும் பிடிவாதமும் உள்ளவருக்கு உலகளாவிய ஆய்வுகள். அந்தப் பிடிவாதம் இருக்கிறதா என்பது பதினெட்டு வயதில் யாருக்கும் தெரியாது. அதனால் அண்ணன் மகளுக்குத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சொன்னேன். முதல் இரண்டு பருவங்களில் அறிமுகப் பொருளியல், அறிமுக அரசியல், ஒரு புள்ளியியல் பாடம், பஹாசா இந்தோனேசியா. ஆண்டு முடிவில் பஹாசா இன்னும் உயிரோடு இருந்தால் உலகளாவிய ஆய்வுகளை அறிவிக்கட்டும். இல்லாவிட்டால் பொருளியலுக்குப் போகட்டும்; அப்பாவுக்கும் மகிழ்ச்சி.

“என்னைச் சோதிக்கிறீர்களா அத்தை?” என்றாள்.

“ஆமாம்.”

அண்ணன் ஒன்றும் பேசாமல் பாடக் கையேட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மொழிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் கேட்டார்: “புகைமூட்டத்துக்குப் பஹாசாவில் என்ன?”

அவளுக்குத் தெரியவில்லை. மலாயில் இருந்த சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

“காபுத் ஆசாப். பட்டறையில் அந்தச் சமயம் காலையில் வந்ததும் முதல் பேச்சு அதுதான். படகு விடுவார்களா மாட்டார்களா என்று.” அவர் உச்சரித்ததில் பாத்தாம் வாடை இருந்தது. ‘காபுத்’தை அவள் இரண்டு முறை தப்பாகச் சொன்னாள், இரண்டு முறையும் திருத்தினார். மூன்றாம் முறை கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

இடத்தை ஏற்கும் பொத்தானை அவள் இன்னும் அழுத்தவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.